கிளாரென்ஸ் வீட்டில் ஸ்கீ விருந்தினர்: சீசன் முடிந்த கையோடு சில குறிப்புகள்

செப்டம்பர் 4

ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "அடுத்த ஜூன் முதல், தென்னாப்பிரிக்காவில் லெசோத்தோ எல்லைப் பக்கத்து ஊரான கிளாரென்ஸில் மூணு அறை வீடு ஒன்றை ஸ்கீ (பனிச்சறுக்கு), ஸ்னோபோர்டு விளையாட வருபவர்களுக்கு விடலாம் என்றிருக்கிறேன். பெரும்பாலும் டர்பன், ஜோபர்க் பக்கத்துக் குடும்பங்கள். எல்லைக்கு அப்பால் லெசோத்தோ மலைமேல் உள்ள ஸ்கீ மையமான ஆஃப்ரிஸ்கியில் பனி நன்றாக இருந்தால் ஆட்கள் சந்தோஷமாகத் திரும்புவார்கள், பனி மோசமென்றால் நாம் தலைகீழாக நின்றாலும் குறைதான். நான் நினைப்பது சரிதானே?"

செப்டம்பர் 4, இரவு

பாதிதான் சரி அண்ணே. பனி சரியில்லை என்றால் "இந்த வருஷம் இப்படி" என்று ஆட்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். பூட்ஸ் கடித்தது, ராத்திரி முழுக்கத் தலைவலி, காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை: இந்த மூன்றையும் யாரும் மறப்பதில்லை. பனி என்பது ஸ்கீ மையத்துக்காரர் பாடு, இந்த மூன்றும் வீட்டுக்காரர் பாடு. ஒரே மூச்சில் எழுத முடியாது, வரிசை முன்னே பின்னே இருக்கும்.

பனியை முதலில் முடித்துவிடலாம். ஆஃப்ரிஸ்கி இருக்கும் மலூட்டி மலைகளில் மழை பெய்வது கோடையில். குளிர்காலம் வறட்சி. எப்போதாவது தெற்கிலிருந்து வரும் குளிரலை நல்ல பனியைக் கொட்டும், ஆனால் சீசனைத் தாங்குவது இயந்திரம் பீய்ச்சும் பனிதான். அதற்குத் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை விட ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண், முக்கியம். அது மைனஸ் 2, 3-க்குக் கீழே போகவேண்டும். காற்று 0 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் மைனஸ் 4-க்கு இறங்கிவிடும், இயந்திரம் ஓடும். அதே 0 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் மைனஸ் 1 கூட வராது, ராத்திரி வீண். அங்குள்ள காய்ந்த காற்றுதான் இந்தத் தொழிலுக்கே முதல்.

ஆகையால் விருந்தினர் காணப்போவது பழுப்பு மலையில் விரித்த ஒரு வெள்ளைப் பட்டை. சுவிட்சர்லாந்து படம் பார்த்துவிட்டு வருபவர் முகம் அங்கேயே வாடும். முன்பதிவு உறுதியானதும் அந்தப் பழுப்பு மலைப் படத்தையே அனுப்பிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டும் வருபவர் குறை சொல்வதில்லை.

செப்டம்பர் 5

பூட்ஸ். இதைத்தான் நீளமாக எழுதவேண்டும்.

ஸ்கீ பூட்ஸுக்கு ஷூ நம்பர் உதவாது. பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில் எவ்வளவோ அதுதான் சைஸ். முந்தின நாள் மாலை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்: குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நிற்கச்சொல்லி, மிக நீண்ட விரலின் நுனியில் பென்சில் கோடு. இரண்டு காலையும் அளக்கவேண்டும், பெரியதைக் கணக்கில் எடுக்கவேண்டும். 26.3 வந்தால் 26.5 கேட்கலாம். பெரும்பாலான பூட்ஸில் 26, 26.5 இரண்டுக்கும் வெளி ஓடு ஒன்றேதான்.

வாடகைக் கவுண்டரில் "கொஞ்சம் லூஸாக் குடுங்க" என்று கேட்பவர்தான் மதியம் நொண்டிக்கொண்டு வருபவர். சந்தேகம் வந்தால் உள் உறையைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்சுவரைத் தொடும்படி நிற்கட்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. மூன்று என்றால் பெரிய பூட்ஸ்.

போடும் முறை: ஒரே ஒரு சாக்ஸ், மெல்லியது, முழங்கால் வரை. இரண்டு சாக்ஸ் போட்டால் மடிப்பு விழும், ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் குளிரும். உள்ளே போட்டிருக்கும் லெகிங்ஸ் பூட்ஸுக்குள் போகக்கூடாது. அதன் தையல் ஒரு மணி நேரத்தில் கணுக்காலுக்கு மேலே சிவப்புக் கோடு போட்டுவிடும். காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, முழங்காலை முன்னால் மடக்கி, அதன் பிறகு பக்கிள். முதலில் கணுக்காலுக்கு மேலே உள்ளது, அடுத்து எல்லாவற்றுக்கும் மேலே உள்ளது, கடைசியில் கால்விரல் பக்கத்து இரண்டும் தொட்டும் தொடாமலும். நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் இடிக்கும், முழங்காலை மடக்கினால் விலகும். அப்படித்தான் இருக்கவேண்டும். "இடிக்குது" என்று சொன்னதும் பெரிய சைஸ் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

முன்னங்கால் எலும்பு வலிக்கிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பூட்ஸ் லூஸ். கால் உள்ளே ஆடி ஆடி இடிக்கிறது. விருந்தினர் செய்வது நேரெதிர், இன்னும் லூஸாக்குவார். பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனால்தான் நடுப் பக்கிள் இறுக்கம் என்று அர்த்தம்.

செப்டம்பர் 5, மதியம்

மேலே விட்டுப்போனது: பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பிடி. ஸ்கீயிலிருந்து பூட்ஸ் எந்த விசையில் விடுபடவேண்டும் என்பதை எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடிப்பாக நீளம் ஆகியவற்றைப் பார்த்து டெக்னீஷியன் வைப்பார். நீளம் பூட்ஸின் குதிகால் பக்கம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். விருந்தினர் படிவத்தில் பொய் எழுதாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. எடையைக் குறைத்து எழுதினால் ஸ்கீ சும்மாச் சும்மா கழன்று விழும், போகட்டும். திறமையைக் கூட்டி எழுதினால் கழலவேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் தசைநார் போகும். முதல் பொய் யார் எழுதுவது, இரண்டாம் பொய் யார் எழுதுவது என்று குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். அப்புறம், எண்ணைப் படித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு தாமே திருப்பும் மாமாக்கள் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. ஸ்க்ரூடிரைவரை ஒளித்துவையுங்கள்.

செப்டம்பர் 6

மாரிட்ஸ்பர்க் நர்ஸ் அக்கா எழுதியது, அப்படியே போடுகிறேன்: "டர்பனிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் ஆஃப்ரிஸ்கியில் 3,050 மீட்டரில் தூங்கவைப்பது சரியில்லை தம்பி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி சேர்ந்தால் அது உயர நோய். அதற்குமேல் ஏறக்கூடாது. ஓய்விலும் கூடுகிறது என்றால் இறங்கவேண்டும். நேர்க்கோட்டில் நடக்கமுடியாமல் தடுமாறினாலோ, பேச்சு குழம்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, உடனே கீழே, அங்கிருந்து ஆஸ்பத்திரி. முன்தடுப்புக்கு அசெட்டசோலமைடு உண்டு. ஆனால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் கட்டாயம் சொல்லிக் கேட்கவேண்டும்."

இதில்தான் கிளாரென்ஸ் வீட்டுக்கு நியாயம் கிடைக்கிறது. ஊர் சுமார் 1,850 மீட்டரில் இருக்கிறது. முதல் ராத்திரி இங்கே, மறுநாள் பகலில் மேலே போய்வந்து மறுபடி இங்கே தூக்கம். மலைமேலேயே தங்க ஆசைப்படுகிறவர்களும் இங்கே ஒரு ராத்திரி தங்கிப் போனால் நல்லது. முதல் ராத்திரி பிராயோடு (கரியில் இறைச்சி சுடும் விருந்து) பிராந்தி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவலியைச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, விளையாடாமல் சுருண்டு படுத்தால் அதுவே அறிகுறி.

செப்டம்பர் 7

வழி. கிளாரென்ஸிலிருந்து ஆர்711 பிடித்து ஃபூரிஸ்பர்க், காலெடன்ஸ்பூர்ட்டில் லெசோத்தோ எல்லை, பூத்தா-பூத்தே ஊர், அங்கிருந்து ஏ1 சாலையில் மோட்டெங் கணவாய் 2,820 மீட்டர் ஏறி இறங்கி மேலே. எல்லை வரிசையைச் சேர்க்காமலே இரண்டு மணி நேரத்துக்கு மேல். காலை ஆறுக்கு எல்லை திறக்கும்போது நின்றால் நல்லது. ஜூன் 16, ஆகஸ்ட் 9 ஒட்டிய நீண்ட வார இறுதிகளிலும் ஜூலை பள்ளி விடுமுறையிலும் வரிசை நீளும்.

எல்லையில் திருப்பி அனுப்பப்படுவது முக்கால்வாசி பிள்ளைகள் விஷயத்தில். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஒருவர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை "எங்க பையன் மாதிரி" என்று கூட்டிவருவது வாட்ஸ்அப்பில் நடக்கும், எல்லையில் நடக்காது. வண்டி வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் கடிதம், வாடகை வண்டி என்றால் எல்லை தாண்ட அனுமதிக் கடிதம். பணம் மாற்றத் தேவையில்லை. லெசோத்தோ பணமான லோட்டியும் ராண்டும் ஒன்றுக்கு ஒன்று, அங்கே ராண்டை வாங்கிக்கொள்வார்கள். மிச்சம் லோட்டியாக வந்தால் அங்கேயே செலவழித்துவிட்டு வரச்சொல்லுங்கள்.

ஓட்டுவது: இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும். நாம் இருப்பது தெற்கு அரைக்கோளம், குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். தெற்கு பார்த்த வளைவுகளில் வெயில் படாது, அங்கேதான் பத்து மணி வரை கண்ணுக்குத் தெரியாத ஐஸ் கிடக்கும். சங்கிலி வைத்திருந்தால் இயங்கும் சக்கரங்களில் மாட்டவேண்டும். எது இயங்கும் சக்கரம் என்று தெரியாமலே முன்சக்கர இயக்கக் காரில் பின்னால் மாட்டிவிட்டு நிற்பவர்கள் உண்டு. வீட்டு முற்றத்தில் ஒரு தடவை மாட்டிப் பழகவிடுங்கள். இருட்டில் கையுறையோடு முதல் தடவை மாட்ட வராது.

டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் பலம் இழக்கும். ஐந்து பேரும் சாமானும் ஏற்றிய சின்னக் கார் மோட்டெங்கில் இரண்டாம் கியரில் முனகும். பழுதல்ல, பயப்படவேண்டாம். இறங்கும்போதும் அதே கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அடிவாரத்தில் கருகிய வாசனை.

டீசல் பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் கவனம். டர்பனில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். அதற்கான திரவத்தை டீசல் இளகியிருக்கும்போதே, அதாவது கீழேயே ஊற்றவேண்டும். கட்டியானபின் ஊற்றினால் பயனில்லை.

செப்டம்பர் 7, இரவு

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி: "டர்பன்-ஜோபர்க் நெடுஞ்சாலை என்3 வழியா வர்றவங்க பத்தி சொல்லலையே அண்ணா? 2024 செப்டம்பர்ல வான் ரீனன் கணவாய் பக்கம் பனியில ராத்திரி முழுக்க வண்டிங்க மாட்டிக்கிச்சே."

நல்ல ஞாபகம். அது செப்டம்பர் 20, 21. சீசன் முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் வந்தது, அதுவும் ஸ்கீ மலையில் மட்டுமல்ல, நெடுஞ்சாலையில். டர்பன் விருந்தினருக்கு அனுப்பும் பட்டியலில் அன்றிலிருந்து போர்வை, தண்ணீர், பிஸ்கட், நிறைந்த டேங்க் எல்லாம் உண்டு. வண்டி பனியில் நின்றுபோய் சூட்டுக்காக எஞ்சினை ஓட்டவேண்டி வந்தால், முதலில் இறங்கிப் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியை அள்ளவேண்டும். இல்லையென்றால் புகை உள்ளே வரும்.

செப்டம்பர் 9

வண்டியின் கூலன்ட் கலவை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ரேடியேட்டருக்குத்தான் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. அது மைனஸ் 35 வரை தாங்கும், நமக்கு ஏராளம். கண்ணாடி கழுவும் தொட்டியில் கூலன்ட் ஊற்றாதீர்கள், எண்ணெய்ப் படலம் போல் ஒட்டி எதிர்வெயிலில் ஒன்றும் தெரியாது. அதற்கு உறையாத வாஷர் திரவம் தனியாக விற்கிறது.

செப்டம்பர் 10

சமையல். (பேச்சு திசை மாறுகிறது, தெரிந்தேதான்.)

3,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், கிளாரென்ஸில் 94. எவ்வளவு கொதிக்கவிட்டாலும் அதற்குமேல் சூடு ஏறாது. மலைமேல் தங்கப்போகும் டர்பன் குடும்பம் சுகர் பீன்ஸ் கறியைத் திறந்த பானையில் வைத்தால் ராத்திரி ஒன்பதுக்கும் பீன்ஸ் பல்லில் நறநறக்கும். முந்தின ராத்திரியே ஊறவைத்து, குக்கரையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். குக்கர் கூட அங்கே 115 டிகிரி சுமாருக்குத்தான் போகும், கடலோரத்தில் போல 120 வராது. வழக்கமாக எத்தனை நிமிஷமோ அதைவிடக் கூட்டவேண்டும். தக்காளி, புளி எல்லாம் பீன்ஸ் வெந்தபிறகே. புளிப்பு முன்னால் விழுந்தால் தோல் இளகாது.

இட்லி மாவு கிளாரென்ஸ் ஜூலையில் சமையல் மேடையில் வைத்தால் இரண்டு நாளானாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். கூலர் பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, இரு பக்கமும் வெந்நீர்ப் போத்தல், மேலே ஒரு போர்வை. தூங்கப்போகும் முன் ஒருமுறை வெந்நீரை மாற்றினால் காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், அப்புறம் பெட்டியைக் கழுவியே சீசன் போய்விடும்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டுமானது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் காலம், பல குடும்பங்களில் அசைவம் கிடையாது. பள்ளி விடுமுறையின் கடைசியும் ஆகஸ்ட் 9 வார இறுதியும் இதில்தான் விழும். தனிப் பானை, தனிக் கரண்டி, பிராய் கம்பி வலை புதிதாக ஒன்று, இவ்வளவு செய்துவைத்து முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். ஹீட்டர் எத்தனை என்று கேட்காதவர்கள்கூட இதைக் கேட்பார்கள்.

செப்டம்பர் 13

கேஸும் தண்ணீரும்.

எல்பிஜியில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் கலவை. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆகும். குளிர்ந்த ராத்திரியில் சிலிண்டரிலிருந்து புரொப்பேன் முதலில் போய்விடும், மிச்சம் பியூட்டேனாகத் தங்கும். அதனால்தான் தூக்கினால் கனமாக இருக்கும் சிலிண்டரில் அடுப்பு சிணுங்குகிறது. கேஸ் தீரவில்லை, வெளியே வரமாட்டேன் என்கிறது. சின்ன சிலிண்டரில் அதிகம் இழுத்தால் அது தானே குளிர்ந்து வெளிப்பக்கம் உறைபனி பூக்கும், விஷயம் இன்னும் மோசமாகும். ஹீட்டர், கீசர், அடுப்பு மூன்றும் கேஸ் என்றால் 9 கிலோ சிலிண்டர் போதாது. 48 கிலோ இரண்டை இணைத்து வையுங்கள், வெயில் படும் வடக்குச் சுவர்ப் பக்கம். இணைப்பு வேலை லைசென்ஸ் உள்ளவர் கையால், சான்றிதழோடு. சிலிண்டர்மேல் கொதிநீர் ஊற்றுவது, அடியில் தீ மூட்டுவது இரண்டும் தற்கொலை.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ராத்திரி குளிருக்கு ஜன்னலெல்லாம் அடைத்துவிட்டு, அணைந்தது போலிருக்கும் பிராய் கரியை வாளியோடு உள்ளே கொண்டுவந்து வைக்கிற வழக்கம் உண்டு. உறக்கத்திலேயே ஆள் போய்விடும். வரவேற்புத் தாளில் நடுவில் எங்கோ எழுதாமல், கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு படுக்கையறையிலும் அலாரம். அறையில் வைக்கும் கேஸ் ஹீட்டரைத் தூங்கும்போது அணைக்கவேண்டும், ஜன்னல் ஒரு விரல் திறந்திருக்கவேண்டும்.

குழாய்: மைனஸ் 5-க்குக் கீழே போகும் ராத்திரி, மெயினுக்குத் தொலைவில் உள்ள குழாய் ஒன்றைப் பென்சில் முனை அளவுக்குத் திறந்து ஓடவிடுங்கள். சுவருக்கு வெளியே ஓடும் குழாய்க்கு நுரை உறை, முக்கியமாக வளைவுகளில் இடைவெளி விடாமல். உறைந்துவிட்டால் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டவேண்டும். நடுவில் முதலில் உருக்கினால் இரண்டு ஐஸுக்கும் நடுவே அழுத்தம் ஏறிக் குழாய் பிளக்கும். ஆள் இல்லாத நாட்களில் மெயினை மூடி எல்லாக் குழாயும் திறந்து வடித்துவிடுவதுதான் நிம்மதி.

செப்டம்பர் 14

சாட்ஸ்வர்த் தம்பி மறுபடியும்: "ஸ்கீ ஸ்கீன்னே எழுதுறீங்க. போர்டுக்காரங்க மனுஷங்க இல்லையா?"

மனுஷர்கள்தான், மணிக்கட்டோடு திரும்பிப்போனால். போர்டில் முதல் நாள் விழுவது கையை ஊன்றித்தான். விழும்போது கையை மூடி, முன்கையில் விழப் பழக்குங்கள். மணிக்கட்டுக் காப்பு வாடகைக்குக் கிடைக்காவிட்டால் டர்பனில் ஸ்கேட்போர்டு கடையில் வாங்கிவரட்டும். உட்காரும் எலும்புக்குத் திண்டு வைத்த கால்சட்டையும் கொள்ளலாம், சிரிப்பவர்கள் இரண்டாம் நாள் கேட்டு வாங்குவார்கள்.

எந்தக் கால் முன்னால்? சாக்ஸோடு டைல்ஸ் தரையில் ஓடிவந்து வழுக்கச்சொல்லுங்கள், தானாக முன்னால் போகும் காலே முன்கால். புதியவருக்கு இரண்டு பைண்டிங்கும் வெளிப்பக்கம் பார்த்து, முன்னது 12 முதல் 15 டிகிரி, பின்னது சற்றுக் குறைவு. போர்டைக் கழற்றி வைக்கும்போது பைண்டிங் கீழே, வழுவழுப்பான பக்கம் மேலே. மறந்தால் போர்டு தனியே இறங்கிப்போய் யார் காலையாவது வாரும்.

ஆஃப்ரிஸ்கியில் இருப்பது இழுத்துச்செல்லும் லிஃப்ட். பின்கால் போர்டிலிருந்து கழன்றிருக்கவேண்டும், கம்பி தொடைக்குப் பின்னால் தள்ளும், அதன்மேல் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் இறங்கி முகத்தைக் கொடுக்கவேண்டியதுதான்.

செப்டம்பர் 20

சில்லறை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளிக் கையுறை இரண்டு தடவை விழுந்ததும் ஸ்பாஞ்சு. ஸ்கீ கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்தால் மூடுபனி தடுக்கும் பூச்சு போய்விடும். சன்ஸ்கிரீனை மூக்குத் துவாரத்தின் அடியிலும் தாடைக்குக் கீழும் தடவவேண்டும், பனி வெயிலைக் கீழிருந்து திருப்பி அடிக்கும். "நம்ம கலருக்கு ஒண்ணும் ஆகாது" என்கிற பெரியவர் சாயங்காலம் தயிர் கேட்பார்.

சொந்த பூட்ஸ் கொண்டுவருபவர்கள் ஹீட்டர் முன்னால் அடுக்குவார்கள். உள் உறையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், வெறுங்கை தாங்கும் மிதச் சூட்டில் காயவிடுங்கள். காய்ந்ததும் உறையை மாட்டி பக்கிளை லேசாகப் போட்டு வைக்கவேண்டும். திறந்தே கிடந்தால் ஓடு விரிந்து, காலையில் குளிரில் விறைத்து, கால் நுழையாது.

அக்டோபர் 2

லெனேசியா அண்ணன் வீட்டுக் கூரைப் படம் அனுப்பியிருந்தார். சோலார் கீசர் நேரடி வகை, அதாவது குடிக்கும் தண்ணீரே பேனலுக்குள் ஓடுகிறது. கிளாரென்ஸ் உறைபனிக்கு அது ஆகாது, முதல் கடுங்குளிர் ராத்திரியில் பேனல் குழாய் பிளந்துவிடும். கிளைகால் கலந்த திரவம் தனிச் சுற்றில் ஓடும் மறைமுக வகைக்கு மாற்றவேண்டும். இந்த வருஷம் பணம் இல்லையென்றால் மே கடைசியில் பேனலைத் தனிமைப்படுத்தி வடித்துவிட்டு, சீசன் முழுக்க மின்சாரத்தில் ஓட்டுங்கள். கரண்ட் வெட்டு வரும் ராத்திரிக்கு அடுப்பில் வைக்கப் பெரிய அண்டா ஒன்று வாங்கிவையுங்கள். வடித்தபின் கூரையிலிருக்கும் வால்வு கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள் அண்ணே, தோட்டக்காரர் திறந்துவிடாமல் இருக்க.